சொடுக்குக்கும் பல்லுக்கும் நடுவே

21 கியர் வண்டியை ஒரே கியரில் ஓட்டும் ஆய்வு மாணவரைக் காண மைசூரில் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மானசகங்கோத்ரியில் ஏதேனும் ஒரு விடுதியின் வாசலில் கால்மணி நேரம் நின்றால் போதும்.

வாங்கிய புதிதில் வண்டி சொன்னபடி கேட்கிறது. முதல் மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கரத்தருகே கரகரவென்று ஓர் ஓசை எழுகிறது. நெம்புகோலை ஒருமுறை அழுத்தினால் சங்கிலி நகர்வதில்லை. இருமுறை அழுத்தினால் இரண்டு பல்சக்கரங்களைத் தாண்டிக் குதிக்கிறது. உரிமையாளர் குனிந்து பார்க்கிறார். கண்ணில் படுபவை இரண்டு சிறு திருகாணிகள். திருப்புளியை எடுத்து ஒன்றை அரைச்சுற்றும் மற்றொன்றை முக்கால் சுற்றும் திருகுகிறார். ஓசை குறைந்ததுபோல் தோன்றுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமுண்டி மலைச் சாலையில், எல்லாவற்றிலும் எளிய கியர் தேவைப்படும் அந்த நொடியில், சங்கிலி பெரிய பல்சக்கரத்தையும் கடந்து போக்ஸ் கம்பிகளுக்குள் விழுகிறது. அன்றோடு நெம்புகோல் ஓய்வு பெறுகிறது. ‘கியர் வண்டியெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்ற தீர்ப்பும் விடுதி முழுவதும் பரவிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு தவறானது. வண்டியில் குறை இல்லை. ஓட்டியவரின் கையிலும் குறை இல்லை. அரைமணி நேரத்தில் தீரக்கூடிய ஒரு சிக்கல், எதை முதலில் பார்ப்பது, எதை இறுதியில் தொடுவது என்ற வரிசை தெரியாமையால் ஒரு வாகனத்தையே பயனற்றதாக்கிவிடுகிறது. முனைவர் பட்டத்துக்காக ஐந்தாண்டு தரவுகளை வகைப்படுத்தும் ஒருவர், தன் வண்டியின் பழுதை வகைப்படுத்த ஐந்து நிமிடம் செலவிடுவதில்லை என்பதே இங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்குச் சோம்பல் காரணமன்று. இந்த அறிவு இரண்டு இடங்களில் மட்டுமே கிடக்கிறது. ஒன்று, பெட்டியோடு வரும் ஆங்கிலக் கையேடு. மற்றொன்று, தெருமுனை மெக்கானிக்கின் விரல்கள். கற்றவர்கள் முதலாவதைப் படிப்பதில்லை. இரண்டாவதைப் படிப்பாகவே கருதுவதில்லை.

மைசூரில் இது ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு நிலவியலே விடை சொல்லும். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாமுண்டி மலையுச்சி அதைவிடச் சுமார் 300 மீட்டர் மேலே. மலையை விட்டுவிட்டாலும், நகரத்துக்குள்ளேயே சாலைகள் மெல்ல ஏறி மெல்ல இறங்குபவை. பழைய கறுப்பு மிதிவண்டியில் முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், பெடலை ஒருமுறை சுற்றும்போது சக்கரம் ஏறத்தாழ 2.4 முறை சுழலும். கியர் வண்டியில் முன்னால் 28, பின்னால் 28 என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. ஏற்றத்தில் கால்களுக்கு விழும் சுமையில் பாதிக்கும் மேல் அங்கேயே குறைந்துவிடுகிறது. 21 கியருக்குக் காசு கொடுத்துவிட்டு, நடுவில் உள்ள ஒன்றிலேயே மூச்சிரைக்க மிதிப்பவர் பழைய வண்டியையே வாங்கியிருக்கலாம். அதன் எடை கூடுதல் என்றாலும் அதில் கெடுவதற்கு அதிகமில்லை.

2017 ஜூனில் தொடங்கப்பட்ட ‘ட்ரின் ட்ரின்’ பொது மிதிவண்டித் திட்டம் 48 நிலையங்களோடும் 450 வண்டிகளோடும் இந்த நகரத்துக்கு ஒரு நல்ல பெயரைத் தேடித் தந்தது. அங்கே பராமரிப்பு நடத்துபவரின் பொறுப்பு. ஓட்டுபவர் எடுத்தார், விட்டார், போனார். சொந்த வண்டி அப்படியன்று. அதன் பராமரிப்பை எவரும் ஏற்பதில்லை. ஆயுத பூசையன்று அதற்கு மாலை விழுகிறது, சந்தனம் வைக்கப்படுகிறது. கேபிளுக்கு மட்டும் ஒரு துளி எண்ணெய் விழுவதில்லை.

பின் டீரெய்லர் என்ற இந்த உறுப்பு உண்மையில் மிக எளிய ஒன்று. இருப்புப்பாதையிலிருந்து தடம்புரளச் செய்தல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த பெயர் அது. சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து வேண்டுமென்றே தடம்புரட்டி அடுத்ததில் ஏற்றுவதே அதன் முழுநேர வேலை. நான்கு புயங்கள் கொண்ட ஓர் இணைகரம். அதைச் சிறிய பல்சக்கரத்தின் பக்கம் எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு சுருள்வில். எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒரு கேபிள். கீழே சங்கிலியை ஏந்தும் இரண்டு சிறு உருளைகள். கை இழுத்தால் சங்கிலி பெரிய பல்லுக்கு ஏறும். கை விட்டால் வில் அதைச் சிறிய பல்லுக்கு இறக்கும். பழுது காண்பதற்கு வேண்டிய அறிவில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

இதன் வரலாறும் கற்றோரின் மனநிலை பற்றிய வரலாறுதான். பிரான்சின் மிகப் பெரிய மிதிவண்டிப் பந்தயத்தை நிறுவிய ஆன்ரி தெகிராஞ்சு, பல கியர்களைப் பலவீனர்களின் ஊன்றுகோலாகவே கண்டார். அப்பந்தயத்தில் டீரெய்லர்கள் அனுமதி பெற 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போருக்குப் பின் இத்தாலியில் கம்பாஞோலோ இணைகர வடிவத்தை நிலைநிறுத்தியது. 1964இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் அந்த இணைகரத்தைச் சாய்த்து வைத்தது. மேலுருளை பல்சக்கரங்களின் சரிவோடு ஒட்டியே நகரத் தொடங்கியது. அதன் காப்புரிமை காலாவதியான 1984ஆம் ஆண்டிலேயே, சக்காய் நகரத்து ஷிமானோ நிறுவனம் சாய்ந்த இணைகரத்தையும் சொடுக்கு நெம்புகோலையும் இணைத்து ‘டுரா ஏஸ்’ வரிசையில் வெளியிட்டது. இன்று விடுதி வாசலில் நிற்கும் மலிவான வண்டி வரை வந்து சேர்ந்திருப்பது அந்த ஏற்பாடுதான்.

அந்த 1984ஆம் ஆண்டு மாற்றத்தை மொழியியல் படித்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அதற்கு முன் நெம்புகோலுக்குச் சொடுக்கு இல்லை. ஓட்டுபவர் அதை மெல்ல இழுத்து, காதால் கேட்டு, சங்கிலியின் முணுமுணுப்பு அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். கேபிளின் நகர்வு தொடர்ச்சியானது. அதைத் துண்டுகளாக்கும் வேலை காதுக்கும் கைக்கும் உரியது. பேச்சொலியும் அப்படித்தான். லிஸ்கரும் ஆபிரம்சனும் 1964இல் வெளியிட்ட ஆய்வு பதினொரு மொழிகளின் வெடிப்பொலிகளில் குரலெழும் நேரத்தை மில்லிநொடிக் கணக்கில் அளந்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. அளவுகோலில் தொடர்ச்சியாகக் கிடப்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் வெட்டி, இரண்டாகவோ மூன்றாகவோ நான்காகவோ பகுத்துக்கொள்கிறது. சொடுக்கு நெம்புகோல் செய்ததும் அதைத்தான். தொடர்ச்சியான இழுவையின் மேல் ஏழு எழுத்துகளைப் பொறித்துவிட்டது.

எழுத்து வந்ததும் காது ஓய்ந்தது. ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான பொருத்தம் தானாக நிலைத்து நிற்பதில்லை. ஏழு கியர் கொண்ட வழக்கமான அமைப்பில் ஒரு சொடுக்குக்குக் கேபிள் ஏறக்குறைய 2.9 மில்லிமீட்டர் நகர்கிறது. டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி, ஏறக்குறைய 5 மில்லிமீட்டராகப் பின்னால் தருகிறது. பல்சக்கரங்களுக்கு இடைப்பட்ட தொலைவும் அதுவே. கேபிள் அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலும் மேலுருளை தன் இடத்திலிருந்து 0.85 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். நெம்புகோல் ‘மூன்று’ என்று சொல்லும். சங்கிலி மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நின்று முனகும். பழைய நெம்புகோலில் ஓட்டுபவரே ஒரு மயிரிழை இழுத்துத் திருத்தியிருப்பார். இப்போது அந்தத் திருத்தம் ஓட்டுபவரின் கையை விட்டு அமைப்பவரின் கைக்குப் போய்விட்டது. அமைக்கத் தெரியாதவர் தன் வண்டியில் பாதியை மட்டுமே வைத்திருக்கிறார் என்று சொல்வது மிகையாகாது.

அந்தத் திருத்தத்தின் வரிசையைத் தமிழில் சொல்வது இயலாத காரியமன்று. விடுதியில் ஒருவர் வண்டியின் பின்பகுதியை உயர்த்திப் பிடிக்க, மற்றொருவர் பெடலைக் கையால் சுற்ற, எல்லாமே முடிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது காது. அதாவது, சட்டத்தின் வலப்பின்முனையில் டீரெய்லர் தொங்கும் சிறிய உலோக நாக்கு. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலும், பேருந்தின் கூரையில் ஏற்றப்பட்டாலும், நெருக்கமான நிறுத்தத்தில் பக்கத்து வண்டியின் பெடல் இடித்தாலும் முதலில் வளைவது இதுதான். நேர்பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தால், இரண்டு உருளைகளும் பல்சக்கரத்தின் தளத்துக்கு இணையாக, ஒரே செங்குத்துக் கோட்டில் தொங்க வேண்டும். கீழுருளை போக்ஸ் கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால் காது வளைந்திருக்கிறது. அந்நிலையில் எந்தத் திருகாணியும் உதவாது. ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெடும். வாரக்கணக்கில் திருகிச் சலித்தவர்களில் பலர் இந்த ஒரு பார்வையைப் பார்க்காதவர்களே. நிமிர்த்துவது மெக்கானிக்கின் வேலை. அதற்கென்று கருவி உண்டு. வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது மட்டும் உரிமையாளரின் வேலை.

அடுத்தது கேபிள். இங்கே ஒரு கேள்வி போதும். சங்கிலி பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குகிறதா, சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்குகிறதா? ஏற்றுவது கையின் இழுவை. ஆகவே ஏறத் தயங்கினால் பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கிறது. இறக்குவது வில்லின் வேலை. கேபிள் உறைக்குள் துருவோ சேறோ சேர்ந்திருந்தால் வில்லால் அதை இழுக்க முடியாது, அல்லது கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். ஏறுவதைச் சரிசெய்தால் இறங்குவது கெடுகிறது, இறங்குவதைச் சரிசெய்தால் ஏறுவது கெடுகிறது என்ற நிலை வந்தால், இறுக்கத்தில் பழுது இல்லை. உராய்விலோ காதிலோ இருக்கிறது. இந்தப் பகுப்பை அறிந்தவர் பாதி வழி கடந்தவர்.

உராய்வைப் போக்க ஒரு சிறு உத்தி உண்டு. சங்கிலியைப் பெரிய பல்லில் நிறுத்தி, பெடலைச் சுற்றாமலே நெம்புகோலை முழுவதும் விடுவிக்க வேண்டும். சங்கிலி நகராது, கேபிள் தொய்ந்துவிடும். இப்போது உறைகளை அவற்றின் இருப்பிடங்களிலிருந்து கையாலேயே உருவி, கேபிளைத் துடைத்து எண்ணெயிட்டு மீண்டும் பொருத்தலாம். ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டியதில்லை. பின்சக்கரத்தருகே வளைந்து தொங்கும் கடைசித் துண்டு உறையே மழைநீர் தங்குமிடம். முதலில் கெடுவதும் அதுவே. அதை மாற்றும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். பிரேக்கின் உறையும் கியரின் உறையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறு. பிரேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். இழுத்தால் சிறிது அமுங்கும். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாட்டில் ஓடும், அமுங்காது. கையிருப்பில் இருந்ததே என்று பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் எந்தச் சொடுக்கும் தன் இடத்தில் நிற்காது. மாற்றிக் கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவது இன்னும் மோசம். அழுத்தம் தாங்காமல் அது பிளந்துபோகலாம், பிரேக்கே பிடிக்காமல் போகலாம்.

இவை இரண்டும் முடிந்த பிறகே அந்த இரு திருகாணிகளின் முறை. அவற்றின் அருகே ‘எச்’, ‘எல்’ என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இவை எல்லைக் கற்கள். சங்கிலி சிறிய பல்லைத் தாண்டி வெளியே விழாமல் காப்பது ‘எச்’. பெரிய பல்லைத் தாண்டிக் கம்பிகளுக்குள் விழாமல் காப்பது ‘எல்’. நடுவில் இருக்கும் ஐந்து கியர்களின் ஓசைக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வயலின் நடுவே விளைச்சல் குறைந்ததற்கு வரப்பை வெட்டுவதுபோல, நடுக்கியர் முனகியதற்கு எல்லைத் திருகாணியைத் திருகிய அந்த நொடியில்தான் சாமுண்டி மலை விபத்து தீர்மானமாகிறது. சிறிய பல்லில், கேபிள் தொய்ந்திருக்கும் நிலையில், மேலுருளை அப்பல்லின் வெளிவிளிம்புக்கு நேர்கீழே நிற்கும்படி ‘எச்’ஐ வைத்தால் போதும். பிறகு அதை மறந்துவிடலாம்.

ஓசைக்கு மருந்து வேறிடத்தில் இருக்கிறது. டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் சுற்றக்கூடிய ஓர் அட்ஜஸ்டர் இருக்கும். முழுச்சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டரினும் குறைவாகவே அது நகரும். ஆகவே கால்சுற்று என்பதே இங்கே அலகு. சங்கிலியைச் சிறிய பல்லிலிருந்து ஒரே ஒரு சொடுக்கில் இரண்டாம் பல்லுக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால், பின்னாலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகக் கால்சுற்று, கேபிள் இறுகும். ஏறி, மூன்றாம் பல்லை உரசினால் வலஞ்சுழியாகக் கால்சுற்று. இரண்டாம் பல்லில் இருக்கும்போது மூன்றாவதை மெல்லத் தொடும் ஓசை வரும்வரை இறுக்கி, அந்த ஓசை அடங்கும் அளவுக்கு மட்டும் பின்வாங்குவதே தேர்ந்தவர்களின் வழக்கம். 1984க்கு முன்பு ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் காது செய்த வேலையை இப்போது அரையாண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். காது முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை என்பதில் ஒலியியலாளர்கள் மகிழலாம்.

இறுதியாகப் பெரிய பல். மெதுவாக ஏற்றி, மேலுருளை அதற்கு நேர்கீழே நிற்பதையும், நெம்புகோலை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கப்பால் நகராததையும் ‘எல்’ வழியே உறுதிசெய்ய வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. டீரெய்லர் சுழலும் கம்பிகளுக்குள் சிக்கினால் சக்கரம் சட்டென நின்றுவிடும். காது, கூண்டு, கம்பிகள் அனைத்தும் ஒரே நொடியில் போய்விடும், ஓட்டுபவரும் விழுவார். பின்பக்கமுள்ள மூன்றாவது திருகாணி, மேலுருளைக்கும் பெரிய பல்லுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி வைப்பதற்கானது; ஒருமுறை வைத்தால் எளிதில் மாறுவதில்லை. மேலுருளை பக்கவாட்டில் சிறிது ஆடுவதைக் கண்டு பழுது என்று அஞ்சுவோரும் உண்டு. பல வகைகளில் அது வேண்டுமென்றே விடப்பட்ட தளர்வு. சிறுபிழையை உருளை தானே சரிக்கட்டிக்கொள்வதற்காக. சங்கிலி தேய்ந்திருந்தால் மட்டும் மேற்சொன்ன எதுவும் பலிக்காது. அதன் கண்ணிகள் சரியாக 12.7 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால்தான் பற்களோடு ஒத்துப்போகும்.

இவ்வளவும் முடிந்தபின் எஞ்சுவது சொற்சிக்கல். மெக்கானிக் கடையில் தொலைபேசி வழியே பழுதைச் சொல்ல முயன்றவர்களுக்கு அது தெரியும். ‘பெரிய கியர்’ என்றால் எது? பின்னால் பெரிய பல்சக்கரம் என்பது எளிய கியர். கையேட்டின் மொழியில் அது தாழ்ந்த கியர். கியரை இறக்கினால் சங்கிலி ஏறுகிறது. கியரை ஏற்றினால் சங்கிலி இறங்குகிறது. முன்பக்கத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே பெரியதே கடினம். இந்தக் குழப்பத்தில்தான் பலர் ‘எல்’ என்பதைச் சிறிய பல் என்று கொண்டு தவறான திருகாணியைத் திருகுகிறார்கள். தமிழில் இதற்குக் கலைச்சொற்கள் ஆக்குவோர் உண்டு. டீரெய்லரைத் ‘தடம்புரட்டி’ என்று சொல்லலாம். பிரெஞ்சுப் பொருளுக்கு அணுக்கமாகக்கூட இருக்கும். அந்தச் சொல்லோடு எந்தக் கடைக்குப் போனாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

கடைத்தமிழ் ஏழைமொழியன்று. திருகாணியின் புரிக்கு அங்கே ‘மறை’ என்று பெயர். மறை கழன்றவன் என்ற வசைகூட அந்தப் பட்டறையிலிருந்து வந்ததே. வளைந்த சக்கரத்தை நேராக்குவது ‘பெண்டு எடுப்பது’. ‘கோட்டம் எடுப்பது’ என்போரும் உண்டு, அது இலக்கியத்திலும் வாழும் சொல். சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதுபோல் காதுக்கும் பெண்டு எடுக்கலாம் என்று சொன்னால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும். ‘ஏறு பல்’, ‘இறங்கு பல்’ என்று சங்கிலியின் போக்கை வைத்துப் பேசினால் கியர் எண்ணின் குழப்பமே எழாது. மைசூரில் கடைக்காரர் ‘ஹல்லு’ என்பார். அது ‘பல்’தான் என்பதை, பால் ‘ஹாலு’ ஆனதையும் புலி ‘ஹுலி’ ஆனதையும் அறிந்த மாணவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கன்னடமும் உருதும் தமிழும் ஒரே பல்சக்கரத்தின் மேல் ஓடும் அந்தக் கடைகளில் சொல்தொகுக்க ஒருவரும் போவதில்லை என்பதுதான் வியப்பு. இந்திய மொழிகளுக்கான நடுவண் நிறுவனம் 1969 முதல் இந்நகரத்தில் இருக்கிறது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2008இல் சென்னைக்குப் போகும்வரை இங்கேயே இயங்கியது. மலைவாழ் மக்களின் மொழிகளைப் பதிவுசெய்ய நூறு கல் நடந்தவர்கள், தெருவைக் கடந்து பட்டறைமொழியைப் பதிவுசெய்வதும் தகும். கியர் நெம்புகோல் இந்நகரத்துக்குப் புதியதுமன்று. உதைத்துக் கிளப்பும் நெம்புகோலையே கியர் மாற்றவும் பயன்படுத்திய ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்கள் யாதவகிரியில் உருவானவைதானே.

ஆகவே முன்வைக்கத்தக்கது ஒரு சிறிய ஏற்பாடு. ஒவ்வொரு விடுதியும் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஒரு தாங்கியும், ஒரு செட் ஆலன் கீயும், ஒரு திருப்புளியும், கேபிள் வெட்டும் குறடும் வாங்கி வைக்கட்டும். மாதத்தில் ஒரு பிற்பகல், அருகிலுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துக் கற்பிக்கச் சொல்லட்டும். அவருக்குக் கூலி தருவதுபோல் தராமல், சிறப்புரையாளருக்குத் தரும் மதிப்பூதியத்தைத் தரட்டும். இந்த வேறுபாடு கணக்குத் தலைப்பில் மட்டும் இருப்பதன்று. கூலி பெறுபவர் வேலையை முடித்துவிட்டுப் போவார். மதிப்பூதியம் பெறுபவரிடம் கேள்வி கேட்கலாம்.

பயனாளிகளே பழுது பார்த்துக்கொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. அக்கறையான கேள்விதான். ஆனால் இன்று நடப்பது வேறு. பழுதான கியர் வண்டி கடைக்குப் போவதில்லை. அது ஒற்றைக் கியரில் உறைந்து, பிறகு படிக்கட்டின் கீழ் துருவேறி, கடைசியில் காயலான் கடைக்குப் போகிறது. மெக்கானிக்குக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. அட்ஜஸ்டரைத் தானே திருகிக்கொள்ளும் உரிமையாளரோ வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பார். காது நிமிர்த்த, சங்கிலி மாற்ற, ஃப்ரீவீல் கழற்ற, பெண்டு எடுக்க அவர் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். ‘கியர் சரியில்லை’ என்ற மொட்டைப் புகாருக்குப் பதில் ‘நாலாவதிலிருந்து மூணாவதுக்கு இறங்கும்போது மட்டும் தயங்குது’ என்று சொல்லும் வாடிக்கையாளரை வெறுக்கும் மெக்கானிக் இருக்க முடியாது.

மின்னணுக் கியர்கள் வந்துவிட்டன, இனி இதெல்லாம் எதற்கு என்ற வாதமும் எழும். 2009இல் ஷிமானோவின் மின்னணு டீரெய்லர் சந்தைக்கு வந்தது. கேபிளுக்குப் பதில் மின்கம்பியும் மோட்டாரும். அதிலும் எல்லைத் திருகாணிகள் இருக்கின்றன. அதையும் சுமப்பது அதே வளையக்கூடிய காதுதான். உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாக வரும் ஒருவருக்கு அதன் விலை எட்டுமா என்பது வேறு கேள்வி.

முதல் பிற்பகலுக்கு வண்டி தேடி அலைய வேண்டியதில்லை. விடுதிப் படிக்கட்டின் கீழ், காற்றிறங்கிய டயர்களோடும் சென்ற ஆயுத பூசையின் காய்ந்த மாலையோடும் நிற்பவற்றுள் ஒன்றை வெளியே இழுத்து, நேர்பின்னால் குந்தி உட்கார்ந்து, காது நேராக இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.